முதல் கொண்டை ஊசி

ஒன்பது வருஷம் டோபமின் விற்றேன்.
சரியாகச் சொன்னால், அதைப் பற்றிப் பேசி
மாத்திரை விற்றேன்.
பளபள அட்டையில் மூளையின் படம்,
நாலு ரோட்டு கிளினிக்கில்
கடைசி நோயாளியும் போன பிறகு
எனக்குத் தொண்ணூறு நொடி.
"ஒரு நரம்பின் நுனிக்கும்
அடுத்த நரம்பின் வாசலுக்கும் நடுவில்
சின்னதா ஒரு பள்ளம், மேடம்.
அதைத் தாண்டுற துளிதான் ஆசை."
டை கட்டிக்கொண்டு சொன்னேன்.

பிப்ரவரியில் அந்தப் பள்ளம்
திருமணிமுத்தாறு மாதிரிக் கறுத்துக் கிடந்தது.
அக்கரை தெரிந்தது.
கால்தான் போகவில்லை.

கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பதினோரு டைல்ஸ்.
படுத்தபடியே எண்ணினேன்.
கீழ்வீட்டுக் கொலுசுப் பட்டறையில்
பற்றவைக்கும் தீ காலையிலிருந்தே சீறும்.
யாரோ கண்ணியோடு கண்ணியைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் போர்வையோடு சேர்ந்திருந்தேன்.

வான்மதி திட்டவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

தொண்ணூறு நொடி தந்த அதே டாக்டர் மெர்லின்
இந்த முறை நாற்பது நிமிஷம் தந்தார்.
மேசையில் நான் கொடுத்த பேனா ஸ்டாண்டு.
அதிலிருந்து ஒரு பேனா உருவி
நான் விற்ற மாத்திரையையே எழுதினார்.
முதலில் சிரித்தது யார் என்று ஞாபகமில்லை.

"வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும், உங்களுக்கே தெரியும்."
"அதுவரைக்கும்?"
"தினம் ஒரு ஸ்பூன் கழுவுங்க."

ஸ்பூன்.
பயோகெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்தவனிடம்.

மனசு வந்ததும் எழலாம் என்று படுத்திருந்தவன்
மனசு வராமலே எழுந்தேன்,
திட்டிக்கொண்டே.
ஜவ்வரிசி ஒட்டிக் காய்ந்த ஸ்பூன்.
நகத்தால் சுரண்டினேன்.
ஒரு மணி கழன்று சிங்க்கில் உருண்டது.
அப்போது உள்ளே ஏதோ,
உரசிய தீக்குச்சி பற்றாமல் போனால்
மிச்சமிருக்குமே ஒரு வாசனை,
அந்த அளவு.

டம்ளரையும் கழுவினேன் என்று எழுத ஆசை.
கழுவவில்லை.
போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஸ்பூன். அதற்கடுத்த நாள் ஸ்பூனும் கரண்டியும்.
ஒருநாள் செருப்பு போட்டு கேட் வரைக்கும்.
மூன்று நாள் ஒன்றுமே இல்லை.
பிறகு மறுபடியும் ஸ்பூன்.

ஐந்தாவது வாரம் பைக்கின் பேட்டரி செத்திருந்தது.
உதைத்தேன். பதினாறாவது உதையில் இருமியது.
கோரிமேடு தாண்டி அடிவாரம்.
மேலே இருபது வளைவு.
எனக்கும் எனக்கும் பேச்சு இவ்வளவுதான்:
முதல் கொண்டை ஊசியில் திரும்பிவிடலாம்.

அங்கே கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு.
என் சட்டைப் பையில் மாத்திரை அட்டை கசங்கும் சத்தத்துக்குக்
காதை விடைத்துக்கொண்டு கிட்டே வந்தது.
எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால்
டோபமின் சடாரெனச் சரியும்,
என் பழைய அட்டையில் ஏழாம் பக்கம்.
"அது உனக்கில்லடா" என்றேன்.
அன்றைக்கு யாரும் கேட்காமல்
நானாகப் பேசிய முதல் வாக்கியம்.
அது முறைத்துவிட்டுப் போனது.
நானும் திரும்பினேன்.

இரண்டாம் வளைவு அடுத்த வாரம்தான், மழை.
மூன்றும் நான்கும் ஒரே நாளில்.
அதற்குள் மாத்திரையும் வேலையைத் தொடங்கியிருக்கும்;
எது ஸ்பூன், எது மாத்திரை என்று
பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.
விற்கிற காலத்தில் சொல்லியிருப்பேன்.

ஏழாவதில் இருட்டிவிட்டது.
கீழே சேலம் முழுக்க விளக்கு.
ஜங்ஷன் பக்கம் ரயில் ஒன்று
மெதுவாகத் தன்னை இழுத்துக்கொண்டு போனது.
எங்கள் சமையலறை வெளிச்சம் எதுவென்று தேடினேன்.
செவ்வாய்ப்பேட்டையாக இருக்கலாம் என்று ஒரு கும்பல்,
அதில் இடது பக்கம்,
இல்லை, இன்னும் கொஞ்சம் இடது.
பெட்ரோல் ரிசர்வுக்கு வந்துவிட்டது.
கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வான்மதியிடம்
தேடினேன் என்று சொன்னேன்.
அவள் ஸ்டவ்வைக் குறைத்துவிட்டு,
"என்ன சொன்ன?" என்றாள்.
கேட்காமல் இல்லை.
இன்னொரு தடவை கேட்கத்தான்.